வீட்டுக் கதவில் ஒட்டிய தாள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மலை, காடு என்று சுற்றுகிற மனிதர் நல்ல குடும்பஸ்தராகவும் இருக்க முடியுமா? இதுதான் தலைப்பு. முடியவே முடியாது என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முடியும் என்று சொல்ல வந்திருக்கிறேன் நான். என் பக்கத்துச் சாட்சி ஒரே ஒருவர்தான், எனக்குப் பூகோளம் எடுத்த வாத்தியார். அவர் இப்போது இல்லை.

அதற்குமுன் நண்பர் போட்ட குண்டைப் பார்த்துவிடுவோம். ஜார்ஜ் மல்லோரியை இழுத்தார். இங்கிலாந்தில் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். மனைவி ரூத், மூன்று குழந்தைகள். 1924 ஜூன் 8 அன்று ஆண்ட்ரூ இர்வினோடு எவரெஸ்ட் உச்சியை நோக்கி ஏறியவர் திரும்பவில்லை. வயது 37. "பாசம் இருந்திருந்தால் மூன்றாவது தடவையும் போயிருப்பாரா?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்ப மாட்டேன். ஆனால் அவர் பாதியில் விட்ட கதையின் மீதியைக் கேளுங்கள். 75 வருடம் கழித்து, 1999 மே 1 அன்று, 8,000 மீட்டருக்கும் மேலே மல்லோரியின் உடல் கிடைத்தது. கூடவே, கைக்குட்டையில் சுற்றிய கடிதங்கள். கூடப்பிறந்தவர்கள் எழுதியவையும் அதில் இருந்தன. உச்சியில் வைப்பதற்காக ரூத்தின் படத்தையும் கொண்டுபோனார் என்று அவர் மகள் சொல்லியிருக்கிறார். அந்தப் படம் மட்டும் கிடைக்கவில்லை. மூச்சுவிடவே முடியாத இடத்துக்கு வீட்டுக் கடிதத்தைச் சுமந்து போனவரைப் பாசமில்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்போது திரும்பியிருக்க வேண்டும் என்பது வேறு வழக்கு.

அந்த வழக்குக்குத் துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டனைக் கூப்பிடுகிறேன். 1909 ஜனவரி 9. தென் துருவத்துக்கு இன்னும் சுமார் 180 கிலோமீட்டர்தான் பாக்கி. அதற்குமுன் மனிதக் கால் படாத இடம் அது. கையில் சாப்பாடு கரைந்துகொண்டிருந்தது. தொட்டுவிடலாம், உயிரோடு வர முடியாது. திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து, "செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதை உனக்குத் தேவலை என்று நினைத்தேன்" என்று மனைவியிடம் சொன்னாராம். அவர் உத்தமக் கணவர் என்று வாதாட நான் வரவில்லை, வீடு தங்காத மனுஷன்தான். அந்த ஒரு நாள் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கள் வாத்தியாருக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்புமுன் வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுவார். எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குமேல் இரண்டு மணி நேரம் ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தைக் குத்துமதிப்பாகப் போடமாட்டார். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். இது நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன கணக்கு. நாங்கள் கூட வந்தால் அதை ஒன்றரையால் பெருக்குவார். எங்கள் சோம்பேறித்தனத்தின்மீது அவ்வளவு நம்பிக்கை!

ஒரு நாள் உச்சிக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. தூரத்தில் மின்னல். "எண்ணுங்கடா" என்றார். எல்லோரும் உரக்க எண்ணினோம். பன்னிரண்டில் இடி.

"சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூணு வினாடி. அப்ப எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர் சார்."

"முப்பதுக்குள்ள கேட்டுட்டா இறங்கணும். நடங்க."

கெஞ்சினோம். ஒருவன் அழுதேவிட்டான், அவன் பெயரை இந்த மேடையில் சொல்லமாட்டேன். வாத்தியார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பாப்பாவுக்கு முன்பல் ஆடிக்கிட்டிருக்கு. ராத்திரிக்குள்ள விழுந்துடும். நான் இல்லாம விழுந்துச்சுன்னா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

நடுவர் அவர்களே, அந்த உச்சியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் ஒலியின் வேகம் பாடமாக வந்தபோது, அன்று நனைந்துகொண்டே இறங்கிய ஏழு பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகப் பல் விழுந்ததா என்று கேட்டோம். விழவில்லையாம். புதன்கிழமைதான் விழுந்தது. வாத்தியார் பக்கத்திலேயே இருந்தாராம்.

குடும்பம் காலைக் கட்டிப்போடும் என்பது எதிரணியின் கட்சி. எங்கள் வாத்தியாருக்கு அதுதான் கடிகாரமாக இருந்தது. எப்போது இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததே கதவுக்குப் பின்னால் தாளைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்பதால்தான்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அவர் போன பிறகு துக்கம் கேட்கப் போனேன். அன்றைய பாப்பா, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். அத்தனை தாள்களும் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் வாத்தியார் மனைவியின் கையெழுத்தில், வந்து சேர்ந்த நேரம். ஒரே ஒரு தாளில் மட்டும் நாற்பது நிமிடம் தாமதம். பக்கத்தில் எழுதியிருந்தார்: "கேட்டால், குருவி பார்த்தாராம்."