ஆயில் ஊத்தாமலே லெவல் ஏறுதா? டீசல் எந்த வழியா இறங்குதுன்னு பாருங்க

அடுத்த கேள்வி உவரி பக்கத்துல இருந்து. "அண்ணாச்சி, நம்ம பைபர் வள்ளத்துல ரெண்டு சிலிண்டர் டீசல் என்ஜின் போட்டிருக்கு. ஆயில் ஊத்தாமலே அளவு பாக்குத குச்சியில லெவல் ஏறிக்கிட்டே வருது, மோந்து பாத்தா டீசல் வாடை. மெக்கானிக் பிஸ்டன் ரிங் போயிட்டு, போர் அடிக்கணும்ங்காரு. அடிச்சா சரியாயிருமா?"

போர் அடிக்கதுக்கு, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கதுக்கு முன்ன கொஞ்சம் பொறுங்க. ரிங் மட்டும் தேஞ்சிருந்தா ஆயில் குறையும்லா, ஏறாது. பிரீதர்ல, அதாவது என்ஜினுக்குள்ள இருக்க ஆவி வெளிய போகுத குழாயில, புகை தள்ளும், நீங்க ஊத்திக்கிட்டே இருப்பிய. இங்க லெவல் ஏறுது. அப்படின்னா எங்கயோ ஒரு வழியா டீசல் சம்புக்குள்ள, அதாவது அடியில ஆயில் நிக்குத தொட்டிக்குள்ள, இறங்குது. அந்த வழியை அடைக்காம போர் அடிச்சா, புது ரிங்கையும் அதே டீசல் தின்னுரும். காசு போனதுதான் மிச்சம்.

இன்னொரு விசயம், இந்த நிலைமையில என்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க. லெவல் ரொம்ப ஏறிட்டா, பிஸ்டன் சுத்திவிடுத கிராங்க் தண்டு ஆயிலுக்குள்ள முங்கி அடிக்கும், நுரைக்கும். அந்த நுரை பிரீதர் வழியா காத்துப் பாதைக்குப் போயி அதுவே எரிய ஆரம்பிச்சிட்டுன்னா, ஸ்டாப் லிவரை இழுத்தாலும் என்ஜின் நிக்காது. ரேஸ் ஏறிக்கிட்டே போகும். அப்படி ஆயிட்டுன்னா காத்து உறிஞ்சுத வாயை ஒரு பலகைத் துண்டால அமுக்கி அடைக்கணும். கையை வைக்கக் கூடாது. ஓடி நிறுத்தின சூட்டோட டேப்பெட் கவரையோ (என்ஜின் மேல வால்வை மூடியிருக்க மூடி) ஆயில் மூடியையோ திறக்காதீங்க, உள்ள டீசல் ஆவி நிக்கும். பக்கத்துல பீடி சிகரெட்டும் வேண்டாம்.

சரி, நிஜமாவே லெவல் ஏறியிருக்கான்னு முதல்ல உறுதி பண்ணிக்கிடணும். நம்ம கரையில துறைமுகமா இருக்கு? மணல்ல ஏத்திப் போடுதோம், வள்ளம் ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கும். சாஞ்சு கிடக்கையில குச்சி காட்டுத லெவல் பொய். அடியில கட்டை கொடுத்து என்ஜினை மட்டமாக்கி, நிறுத்தி கால் மணி நேரம் கழிச்சுப் பாருங்க. பாத்த இடத்துல குச்சியில ஒரு கீறல் போட்டு வச்சுக்கிடுங்க. புது ஆயில் ஊத்துத வரைக்கும் அந்தக் கீறல்தான் கணக்கு.

பெறகு, இறங்கினது டீசலா தண்ணியான்னு பாக்கணும். தண்ணின்னா ஆயில் பால் விட்ட டீ நிறத்துக்கு வந்திரும். டீசல் கலந்தா நிறம் மாறாது, கறுப்பாத்தான் இருக்கும், ஆனா வழவழப்பு போயிரும். ஒரு தகரத்தைச் சாய்ச்சு வச்சு, மேல ஒரு சொட்டு புது ஆயில், பக்கத்துல ஒரு சொட்டு உங்க ஆயில் விடுங்க. ரெண்டும் ஒரே கிரேடா இருக்கணும். உங்க ஆயில் முந்திக்கிட்டு ஓடுச்சுன்னா டீசல் கலந்திருக்கு. பில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் வச்சாலும் தெரியும், நடுக்கறைக்கு வெளிய வெளிறின வளையம் ஒண்ணு பரவி நிக்கும். நூத்துக்கு அஞ்சு பங்கு கலந்தாலே ஆயில் ஒரு கிரேடு இறங்கின மாதிரிதான். பத்து லிட்டர் சம்புன்னா அரை லிட்டர் டீசல் போதும், பேரிங்ல ஆயில் படலம் மெலிஞ்சிரும்.

இப்ப வழி. பொதுவா மூணு இடந்தான்: டேங்க்ல இருந்து டீசலை இழுத்துக் கொடுக்குத பீட் பம்பு, அதை அழுத்தி அனுப்புத எரிபொருள் பம்பு, சிலிண்டருக்குள்ள பீச்சுத நாசில். சில என்ஜின்ல நாசில் ஓவர்ப்ளோ பைப் டேப்பெட் கவருக்கு உள்ளயே ஓடும், அது கசிஞ்சாலும் நேரா சம்புக்குத்தான் போகும். உங்களுதுல அப்படியான்னு கவரைத் திறந்து ஒரு தடவை பாத்துருங்க.

நிறைய நேரம் மாட்டுதது பீட் பம்புதான். என்ஜின் பாடியில போல்ட் போட்டு, கேம் தள்ளி ஓடுத டயாப்ரம் பம்பு. ரப்பர் கிழிஞ்சா, ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் டீசல் உள்ள விழும். என்ஜின் நல்லா இழுக்கும், புகை இருக்காது, லெவல் மட்டும் ஒரே ஓட்டத்துல கண்ணுக்குத் தெரியுத அளவு ஏறும். சோதிக்கது லேசு. ரெண்டு போல்ட்டைக் கழட்டி பம்பை வெளிய எடுங்க, பைப்பைக் கழட்ட வேண்டாம். கை லிவரை அடிச்சுப் பாருங்க. அடிப்பக்கம் டீசல் சொட்டுச்சுன்னா அதுதான். பம்பு மாதிரியைப் பொறுத்து டயாப்ரம் கிட் கிடைக்கும், ஆனா லிவர் ஊசி ஆடுச்சுன்னா முழுப் பம்பையே மாத்திருங்க. அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

அங்க சொட்டலைன்னா எரிபொருள் பம்பு. சின்ன என்ஜின்ல அது கிராங்க் கேஸ்லயே உக்காந்திருக்கும். எலிமெண்ட் (உள்ள டீசலை அழுத்துத தண்டும் அதோட குழலும்) தேஞ்சாலோ ஓ-ரிங் போனாலோ டீசல் கீழ இறங்கும். டேங்க் என்ஜினை விட உயரத்துல இருந்தா ஒரு ராத்திரி சோதனை போதும். டேங்க் வால்வைத் திறந்து விட்டுட்டு, காலையில குச்சியைப் பாருங்க. மறுநா ராத்திரி வால்வை மூடிட்டுப் பாருங்க. திறந்தப்ப ஏறி, மூடினப்ப நின்னுச்சுன்னா கசிவு பம்புலதான். இதுக்கு பம்பு கடைக்குத்தான் கொடுக்கணும், எலிமெண்ட்டை கரையில வச்சுப் பிரிக்கக் கூடாது. ஒண்ணு மறக்காதீங்க: பம்புக்கு அடியில மெல்லிசா ஷிம் தகடு இருக்கும். எத்தனை இருந்துச்சோ அத்தனையும் அப்படியே போடணும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் டைமிங் மாறிரும், பெறகு என்ஜின் அடிக்கும், இல்லன்னா புகைக்கும்.

நாசில் ஒழுகுச்சுன்னா அடையாளம் வேற. ஸ்டார்ட்டிங்ல வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர்ல மட்டும் மிஸ்ஸிங், லெவல் பையப் பைய ஏறும். எரியாத டீசல் லைனர்ல, அதாவது சிலிண்டரோட உள்சுவர்ல, இருக்க ஆயிலைக் கழுவிக்கிட்டு ரிங்கைத் தாண்டி இறங்கும். உங்க மெக்கானிக் சொன்னதுல பாதி நியாயம் இங்கதான் இருக்கு: இப்படி ரொம்ப நாள் ஓடியிருந்தா ரிங்கும் லைனரும் நெசமாவே தேஞ்சிருக்கும். எந்த சிலிண்டர்னு தெரிய, ஐடில்ல நாசில் பைப் நட்டை ஒண்ணொண்ணா லேசா தளர்த்திப் பாருங்க. எதைத் தளர்த்தினாலும் சத்தம் மாறணும், மாறாததுதான் கெட்டது. பீச்சுத டீசல் மேல கை வைக்காதீங்க, அந்த அழுத்தம் தோலைக் குத்திக்கிட்டு உள்ள போயிரும். ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொன்னேன்லா, அதனால கெட்ட ஆயிலை வடிச்சு, சரியான அளவுக்குப் புதுசு ஊத்திட்டுத்தான் இந்தச் சோதனை. சந்தேகம் இருக்க நாசிலை டெஸ்டர்ல போடச் சொல்லுங்க. திறக்குத அழுத்தத்துக்கு ஒரு 20 பார் கீழ வச்சு பத்து வினாடி பிடிச்சா நுனியில சொட்டு நிக்கக் கூடாது. திருப்பி மாட்டும்போது செம்பு வாசர் புதுசு, பழசைத் திருப்பிப் போடாதீங்க.

கசிவை அடைச்ச பெறகு ஆயிலை ஒரு தடவை மாத்தினா போதாது. உள்ள இருக்க ஆயிலை ஓட்டாமலே வடிச்சு, பில்டர் மாத்தி, அதே கிரேடுல விலை குறைஞ்ச ஆயிலை கீழ்க்கோடு வரைக்கும் ஊத்தி, லோடு இல்லாம பத்து நிமிசம் ஓட்டி, அதையும் வடிச்சிருங்க. பில்டரையும் திரும்ப மாத்திட்டு, என்ஜின் புத்தகத்துல போட்ட கிரேடு, அனேகமா 15டபிள்யூ40, சரியான அளவுக்கு ஊத்துங்க. வடிச்ச ஆயிலை கடல்லயோ மணல்லயோ கொட்டாம கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் எடுக்கவங்கிட்ட கொடுத்துருங்க.

வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணி வழியா விடுங்க, பழைய பில்டரையும் அறுத்து மடிப்பை விரிச்சுப் பாருங்க. செம்புப் பொடி, மினுமினுப்பு இருந்தா பேரிங் அடி வாங்கியிருக்கு. அப்ப மட்டும் சம்பை இறக்கி, கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்குத பிக் எண்ட் பேரிங்கைப் பாருங்க. சாம்பல் நிற மேல்பூச்சு போயி செம்பு தெரிஞ்சுதுன்னா மாத்தணும். ஒண்ணும் இல்ல, ஆயில் பிரஷரும் நிக்குதுன்னா அதைத் தொட வேண்டாம்.

வள்ளத்துக்குப் பின்னால வெளிய மாட்டுத அவுட்போர்டு என்ஜின் வச்சிருக்கவங்களும் கேப்பிய. டூ ஸ்ட்ரோக்குல சம்பே கிடையாது, அங்க இந்தப் பேச்சுக்கே இடமில்ல. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின்ல லெவல் ஏறுச்சுன்னா பெட்ரோல் பம்பு டயாப்ரம், கார்புரேட்டர் மிதவை ஊசி, பெறகு தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் திறந்தே நின்னுட்டா என்ஜின் சூடேறாம ஓடும், இறங்கின பெட்ரோல் ஆவியாகாம ஆயில்லயே தங்கிரும்.

எல்லாம் மாட்டினதும், புது ஆயில் லெவல்ல குச்சியில புதுக் கீறல் போட்டு, ஒரு மணி நேரம் கரையோரமா ஓட்டி, வள்ளத்தை மட்டமா வச்சு அந்தப் புதுக் கீறலைப் பாருங்க. அடுத்த நாலஞ்சு ஓட்டத்துக்கும் கடலுக்குப் போகுமுன்ன பாருங்க. கீறலை விட்டு அசையலைன்னா போர் அடிக்குத காசுக்கு வலை வாங்கிக்கிடலாம். அசைஞ்சுதுன்னா இன்னொரு வழி பாக்கி இருக்குன்னு அர்த்தம், ரெண்டு இடம் சேந்து ஒழுகுததும் உண்டு.