“இரண்டு பார்த்தேன்”

அனைவருக்கும் வணக்கம்.

2019 பிப்ரவரி 27 காலை என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? முன்வரிசையிலிருந்தே பதில் வந்துவிட்டது. அபிநந்தன். நம் ஊர்ப் பிள்ளை. மிக்-21இல் பறந்துபோய், எல்லைக்கு அந்தப் பக்கம் பாராசூட்டில் இறங்கி, பிடிபட்டு, மார்ச் 1ஆம் தேதி இரவு வாகா வழியாகத் திரும்பி வந்தார். அதுவரை நம் வீடுகளில் யாரும் டிவியை அணைக்கவில்லை.

அதே காலையில், அதே காஷ்மீரில் இன்னொன்றும் நடந்தது. விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் ஒன்று பட்காம் அருகே விழுந்தது. உள்ளே இருந்த 6 விமானப்படையினர் இறந்தார்கள். தரையில் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் இறந்தார். முதலில் விபத்து என்றுதான் பேச்சு. அக்டோபரில் விமானப்படைத் தளபதி பதௌரியா பத்திரிகையாளர்கள் முன்னால் ஒளிக்காமல் சொன்னார்: நம் ஏவுகணைதான் நம் ஹெலிகாப்டரை அடித்தது, அது பெரிய தவறு. யோசித்துப் பாருங்கள். ஸ்ரீநகர் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் அது. அடித்தது, அந்தத் தளத்தைக் காப்பதற்காக நிறுத்தி வைத்திருந்த ஸ்பைடர் ஏவுகணை.

முந்தின நாள்தான் பாகிஸ்தானுக்குள் நம் விமானப்படையின் பாலாகோட் தாக்குதல். அன்று காலை பாகிஸ்தான் விமானங்கள் எல்லைக்கு வந்துவிட்டன. எந்த நொடி என்ன வருமோ என்று எல்லோரும் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பயமே இல்லாத இடத்திலும் இதே தவறு நடந்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வடக்கு இராக், 1994 ஏப்ரல் 14. வளைகுடாப் போர் முடிந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. குர்து மக்களைக் காப்பதற்காக 36ஆம் அட்சரேகைக்கு வடக்கே இராக் விமானம் எதுவும் பறக்கக்கூடாது என்று தடை. துருக்கியிலிருந்து அமெரிக்க விமானங்கள் தினமும் வந்து ரோந்து சுற்றும். வானம் வெளுத்திருக்கும், சண்டை கிடையாது.

அன்று காலை அமெரிக்கத் தரைப்படையின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் கிளம்பின. அமெரிக்கர், பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், துருக்கியர், குர்துகள் என்று மொத்தம் 26 பேர். அந்த வட்டாரப் பொறுப்பை ஒரு கர்னல் இன்னொரு கர்னலிடம் ஒப்படைக்கும் சமயம். புது ஆளை அழைத்துக்கொண்டு போய் ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கிற பயணம். மேலே, தட்டு வடிவ ரேடாரை முதுகில் சுமந்த அவாக்ஸ் விமானம், எல்லாவற்றையும் பார்ப்பதற்கென்றே பறந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டர்கள் அதனிடம் பேசின. உள்ளே நுழைகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தன.

சற்று நேரம் கழித்து இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் வந்தன. அன்றைய முதல் ரோந்து தங்களுடையது, தங்களுக்கு முன்னால் உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த விதி. தரைப்படை ஹெலிகாப்டர்களுக்கு அந்த விதி இல்லை என்பது நடைமுறை. விதி ஒருவர் கையில், நடைமுறை இன்னொருவர் கையில்.

காலை 10:22 மணி. முன்னால் போன எஃப்-15இன் ரேடாரில் ஏதோ தென்பட்டது. அதன் விமானி அவாக்ஸிடம் சொன்னார். அங்கே ஒன்றுமில்லை என்று பதில். இன்னும் கிட்டே போய்த் திரும்பவும் சொன்னார். ஆமாம், ரேடாரில் தெரிகிறது என்றது அவாக்ஸ். யார் என்று சொல்லவில்லை. அவாக்ஸுக்குள் இருந்த திரையில் அந்த நேரத்தில் நட்பு ஹெலிகாப்டருக்கான குறி இருந்தது என்று விசாரணை பிறகு கண்டது. பார்க்க வேண்டியவர்கள் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சரி, கருவி என்ன ஆயிற்று? நண்பனா பகைவனா என்று கேட்கிற கருவி ஒவ்வொரு போர் விமானத்திலும் உண்டு. ஐஎஃப்எஃப் என்பார்கள். இங்கிருந்து சங்கேதமாக ஒரு கேள்வி போகும், எதிரில் இருப்பவரின் டிரான்ஸ்பாண்டர் என்ற பதில் கருவி சரியான எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். துருக்கிக்குள் ஓர் எண், இராக்குக்குள் வேறு எண். எல்லை தாண்டும்போது எண்ணை மாற்ற வேண்டும் என்று அந்த ஹெலிகாப்டர்காரர்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஏறக்குறைய மூன்று வருடமாக அவர்கள் பழைய எண்ணோடுதான் பறந்துகொண்டிருந்தார்கள். ரேடியோவும் அப்படித்தான். எஃப்-15கள் பேசிக்கொண்டது ஓர் அலைவரிசை, ஹெலிகாப்டர்கள் இருந்தது இன்னொன்று. தங்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது என்பது அந்த 26 பேர் காதில் விழவே இல்லை.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். ஐஎஃப்எஃப் கருவியால் ‘நண்பன்’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். ‘பகைவன்’ என்று அதற்குச் சொல்லவே தெரியாது. பதில் வந்தால் நம் ஆள். பதில் வராவிட்டால்? கருவி பழுதாக இருக்கலாம், எண் மாறியிருக்கலாம், அணைத்து வைத்திருக்கலாம், நடுவில் மலை மறைக்கலாம். ‘தெரியாது’ என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். அந்தத் ‘தெரியாது’ மனித மூளைக்குள் போனதும் ‘எதிரி’யாக மாறிவிடுகிறது.

இராக்கில் உறுதியான பதில் வரவில்லை என்பதால், கண்ணால் பார்த்துவிடுவோம் என்று முன்னால் போனவர் கிட்டே போனார். இதோ என் கையில் இருக்கிற இந்த இரண்டு அட்டைகளைப் பாருங்கள். இரண்டு நொடிதான் காட்டுவேன். இராக்கிடம் இருந்தது ரஷ்யாவின் ஹைண்ட் ஹெலிகாப்டர். பக்கவாட்டில் சிறு இறக்கை நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஆயுதம் தொங்கும். இதில் ஹைண்ட் எது? கை தூக்குங்கள். இடது பக்கம் என்று நிறையப் பேர். வலது என்று கொஞ்சம் பேர். உட்காருங்கள். இரண்டுமே பிளாக் ஹாக். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது கூடுதல் எரிபொருள் டேங்க். நான் ஹைண்ட் என்று சொன்னேன், நீங்கள் ஹைண்டைப் பார்த்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில். அந்த விமானி மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், மலைப் பள்ளத்தாக்கில், சுமார் 150 மீட்டர் மேலேயிருந்து பார்த்தார். அந்த ஹெலிகாப்டர்களில் ஒவ்வொன்றிலும் ஆறு அமெரிக்கக் கொடி வரைந்திருந்தது: கதவுகளில், டேங்குகளில், மூக்கில், வயிற்றில். முதுகில் இல்லை.

ஹைண்ட் என்று ரேடியோவில் சொன்னார். பின்னால் வந்த விமானியிடம் உறுதி செய்யச் சொன்னார். பின்னால் வந்தவர் பதவியில் மூத்தவர், லெப்டினென்ட் கர்னல். அவர் கடந்துபோய்விட்டுச் சொன்னது இரண்டே வார்த்தை: “டாலி டூ.” விமானிகள் பேச்சில் அதற்கு ‘இரண்டு பார்த்தேன்’ என்று பொருள். அவ்வளவுதான். ஹைண்ட் என்று அடையாளம் கண்டேன் என்று பொருள் இல்லை. இரண்டு ஹெலிகாப்டரைப் பார்த்ததைத்தான் சொன்னேன் என்று அவரே பிறகு விளக்கினார். கேட்டவர் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார். சொன்னவர், முன்னால் போனவர் சரியாகத்தான் பார்த்திருப்பார் என்று எடுத்துக்கொண்டார். அவாக்ஸில் இருந்தவர்கள், நேரில் பார்க்கிறவருக்குத் தெரியாததா என்று எடுத்துக்கொண்டார்கள். 10:30 வாக்கில் முன்னால் போனவர் ஓர் ஆம்ராம் ஏவுகணையை ஏவினார், பின்னால் வந்தவர் ஒரு சைட்வைண்டர் ஏவுகணையை. 26 பேரும் இறந்தார்கள். அவாக்ஸ் அதிகாரி ஒருவர்மீது ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்தது. 1995இல் அவரும் விடுதலை. நீதிமன்றத்தில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

மைக்கா எண்ட்ஸ்லி என்ற ஆய்வாளர் சூழலறிவுக்கு மூன்று படி சொன்னார்: கண்ணில் படுவது, பட்டதன் பொருள் புரிவது, அடுத்து என்ன ஆகும் என்று முன்கூட்டி உணர்வது. நல்ல விளக்கம்தான். ஆனால் அது ஒரு மண்டைக்குள் நடப்பது. வானத்தில் அறிவு பத்து மண்டைகளில் சிதறிக் கிடக்கிறது. அன்றைக்குத் தேவையான ஒவ்வொரு செய்தியும் யாரோ ஒருவரிடம் இருந்தது. கைமாறவில்லை.

கருவி வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறீர்களா? 2003 மார்ச்சில், இராக் போரின்போது, குவைத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் டொர்னாடோ விமானத்தை, தரையிலிருந்து பாயும் அமெரிக்க பேட்ரியாட் ஏவுகணை அடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கணினி அந்த விமானத்தை, ரேடாரைக் குறிவைத்து வரும் ஏவுகணை என்று வகைப்படுத்திவிட்டது. ஓரிரு நாளில் நிலைமை தலைகீழ்: ஓர் அமெரிக்க எஃப்-16, பேட்ரியாட் ரேடாரையே எதிரி என்று நினைத்து அடித்தது. ஏப்ரல் 2ஆம் தேதி பேட்ரியாட் இன்னொரு அமெரிக்க விமானத்தை வீழ்த்தியது, விமானி இறந்தார். 2024 டிசம்பரில் செங்கடலில் கெட்டிஸ்பர்க் என்ற அமெரிக்கக் கப்பல் தன் நாட்டு எஃப்-18ஐயே சுட்டது. அந்த இருவரும் குதித்துப் பிழைத்தார்கள்.

கப்பலுக்கும் பேட்ரியாட்டுக்கும் நேரம் இல்லை என்று சொல்லலாம். தன் மேல் ஏவுகணை வருகிறது என்று நினைக்கிறவருக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். பட்காமுக்கும் அதைச் சொல்லலாம். இராக்கில் அது பொருந்தாது. அந்த ஹெலிகாப்டர்கள் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில், பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. யாரையும் மிரட்டவில்லை. பின்னால் வந்த விமானி இன்னொரு முறை சுற்றி வந்து பார்த்திருக்கலாம். அல்லது, “இரண்டு பார்த்தேன், எந்த வகை என்று தெரியவில்லை” என்று இன்னும் நான்கு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லி முடிக்க எத்தனை நொடி ஆகும் என்று நான் வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். மூன்று.