சந்தேகங்களுக்கு விளக்கம்: இயேசுவைப் பற்றிச் சொல்லப் போனாலே பயம் வருகிறது, என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்வி. உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "ஐயா, என்னோடு வேலை செய்கிற அக்கா ஒருவர் சைவம். மூன்று வருடமாக ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். இயேசுவைப் பற்றி அவரோடு கதைக்க வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன். வாய் திறக்கப் போனால் நெஞ்சு படபடக்கிறது. மதம் மாற்ற வந்தவள் என்று நினைத்துவிட்டால் இந்த உறவே போய்விடும். எனக்கு விசுவாசம் குறைவா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. அப்போஸ்தலன் பவுலுக்கே நடுக்கம் இருந்தது. பிலிப்பியில் அடிபட்டு, தெசலோனிக்கேயில் இருந்தும் பெரோயாவில் இருந்தும் துரத்தப்பட்டு, அத்தேனே பட்டணத்தில் பரியாசம் கேட்டு, அதற்குப் பிறகுதான் கொரிந்துக்கு வருகிறார். "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்று அவரே பிறகு எழுதுகிறார். அந்த ஊரில்தான் ஒரு இராத்திரி கர்த்தர் அவருக்குத் தரிசனமாகி, "நீ பயப்படாமல் பேசு, மவுனமாயிராதே" என்றார். பயமே இல்லாதவனிடம் போய் யாராவது பயப்படாதே என்பார்களா? அப்புறம் பவுல் அங்கே ஒன்றரை வருடம் தங்கினார். நடுக்கம் எந்த நாளில் போனது என்று வேதத்தில் இல்லை.

ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். அதில் இரண்டு பயம் ஒன்றாகச் சிக்குப்பட்டுக் கிடக்கிறது. எனக்கு என்ன ஆகுமோ என்பது ஒன்று. அக்காவின் மனம் நோகுமோ என்பது மற்றது. முதல் பயத்தை ஜெபத்தில் கொண்டுபோய் வையுங்கள். இரண்டாவது பயத்தை விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்கு வேண்டும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நாங்கள் இருப்பது திருகோணமலையில். கோணேசர் மலையில் உள்ள சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போக வேண்டும். 1622இல் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்தார்கள், அதன் கற்களையும் எடுத்துத்தான் கோட்டை கட்டினார்கள். இடித்தவர்கள் சிலுவையோடு வந்தவர்கள். நாங்கள் அதைச் செய்யவில்லைதான். ஆனாலும் ஒரு சைவ வீட்டில் 'வேதக்காரர் வந்திருக்கிறார்கள்' என்றதும் முகம் மாறுகிறதே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரியாமல் நாங்கள் வாய் திறக்கக் கூடாது.

என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி. அதற்குப் பிந்திய வாரங்களில் நாங்கள் சில இளைஞர்கள் முகாம்களுக்கு அரிசியும் பால்மாவும் கொண்டு போனோம். ஒரு அம்மா பையைக் கையில் வாங்கவில்லை. "தம்பி, இதை வாங்கினால் நான் உங்கட சபைக்கு வர வேணுமா?" என்று கேட்டார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய். இல்லை அம்மா என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று என் சட்டைப்பைக்குள் சுவிசேஷக் கைப்பிரதிகள் இருந்தன, அரிசியோடு சேர்த்துக் கொடுக்க என்று நான்தான் எடுத்து வைத்திருந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பசித்தவர் கையில் சோற்றோடு சேர்த்துச் சுவிசேஷத்தை வைத்தால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்வது சாட்சி இல்லை.

சட்டத்தைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் ஏற்கவும் எல்லோருக்கும் சுதந்திரம் தருகிறது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் மனம்விட்டுக் கதைப்பதற்குப் பயப்படத் தேவையில்லை.

சரி, என்ன கதைப்பது? யோவான் 9ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசியுங்கள். பிறவிக் குருடனுக்குப் பார்வை வந்தது. யூத மதத் தலைவர்களான பரிசேயர் விசாரிக்கிறார்கள். அவனுடைய தாய் தகப்பன், ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்கிவிடுவார்கள் என்று பயந்து, "அவனைக் கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஊர் தள்ளிவைத்துவிடும் என்ற இந்தப் பயம் எங்களுக்குப் புதிதா? ஆனால் மகன் நின்றான். அவனிடம் பெரிய படிப்பு இல்லை, தர்க்கம் இல்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்றான். அந்த அளவு உங்களிடமும் இருக்கும், தங்கச்சி. எந்தக் கஷ்டத்தில் இயேசு உங்களைத் தாங்கினார் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள். அக்காவின் சாமியைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பதில் தெரியாத கேள்வி வந்தால், தெரியாது அக்கா, கேட்டுச் சொல்கிறேன் என்றால் போதும்.

அதற்கு முன் ஒன்று. இந்த மூன்று வருடத்தில் அவர் எதற்காக விரதம் இருக்கிறார், எதை நினைத்துப் பத்திரகாளி அம்மன் கோயிலில் அழுகிறார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள், முழுவதையும் கேளுங்கள். பிறகு, "அக்கா, எனக்கும் மனதுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, சொல்லட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்ல, அதாவது பதில் சொல்லச் சொன்னார் பேதுரு. இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த நாளும் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள். நத்தாருக்குக் கேக் கொண்டு போங்கள், அவர் வீட்டுத் தைப்பொங்கலுக்குப் போங்கள். அவருடைய வீட்டில் ஒரு செத்த வீடு என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

அவரோடு கதைக்கப் போகிற நாளை எனக்கு எழுதுங்கள், பெயர் வேண்டாம். அன்று காலையில் உங்கள் இருவருக்காகவும் நான் ஜெபிக்கிறேன். தம்பி, அடுத்த கேள்வியை எடுங்கள்.