மூச்சை ஒரு 15 செக்கன் நிறுத்துங்கள்

வணக்கம் நேயர்களே. தொடங்கும்போதே ஒரு சின்ன வேலை தருகிறேன். வாகனம் ஓட்டிக்கொண்டு கேட்பவர்களும் இதய வருத்தக்காரரும் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் மூச்சை மெதுவாக வெளியே விட்டு, அப்படியே 15 செக்கன் நிறுத்துங்கள். நான் கதைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போது உங்கள் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறுகிறது, மூளைக்குள் இருக்கும் சின்னச் சின்ன நாடிகள் அதை மோப்பம் பிடித்து அகலத் தொடங்குகின்றன, இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. நீங்கள் ஒன்றையும் யோசிக்கவில்லை, ஒரு கணக்கும் போடவில்லை, ஆனாலும் மூளை முழுக்க இரத்தம் கூடிவிட்டது. சரி, மூச்சை எடுங்கள்.

நான் திருகோணமலை உப்புவெளிக்காரன். எம்.ஆர்.ஐ. என்கிற பெரிய காந்த மெஷின் எடுத்துத் தரும் மூளைப் படங்களைக் கணினியில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது என் தொழில். ஊருக்கு வந்தால் கடற்கரையில் சந்திக்கிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, மனுசன் நினைக்கிறதை அந்த மெஷின் காட்டுமாமே?" காட்டாது. மூளை வேலை செய்யும் இடம் சிவப்பாகவும் மஞ்சளாகவும் மின்னுகிற படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்களே, எஃப்.எம்.ஆர்.ஐ. என்று சொல்வது, அது காட்டுவது நினைப்பை அல்ல, இரத்தத்தை. அந்த நிறம்கூட நாங்கள் பிறகு கணினியில் பூசுவதுதான்.

ஒட்சிசனைச் சுமந்துகொண்டிருக்கும் ஈமோகுளோபினும் அதை இறக்கிவிட்ட ஈமோகுளோபினும் காந்தத்தின் முன்னால் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1936இல் லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியலும் இதை அளந்து எழுதினார்கள். ஒட்சிசனை இறக்கிய இரத்தம் பக்கத்திலுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சம் குழப்பும், அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை மங்கும். 1990இல் செய்ஜி ஒகாவா எலியின் மூளையில் இதைக் காட்டினார்: சாதாரணக் காற்றைச் சுவாசித்த எலியின் படத்தில் நாளங்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன, வெறும் ஒட்சிசனைக் கொடுத்ததும் அந்தக் கோடுகள் மறைந்துபோயின. இரண்டு வருடத்தில் மனிதரிலும் செய்து பார்த்துவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஒட்சிசன் குறைந்து படம் மங்க வேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். 1986இல் பொக்ஸ், ரெய்க்கிள் என்ற ஆராய்ச்சியாளர் இருவரும் அளந்தபோது, வேலை செய்யும் இடத்தில் இரத்த ஓட்டம் 29 வீதம் கூடியது, ஒட்சிசன் செலவோ 5 வீதம்தான். ஒரு வாளி கேட்டால் ஐந்தாறு வாளி வருகிறது. மிஞ்சின ஒட்சிசன் அப்படியே நாளத்தில் வடிகிறது, அந்த வடிகிற இரத்தத்தைத்தான் நாங்கள் படமெடுக்கிறோம்.

தம்பலகாமத்து ஆட்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்கு வாய்க்கால் வழியே வருகிறது. உங்களை வயலுக்குள் இறங்கவே விடாமல் கடைசி வடிகாலில் நிறுத்திவைத்து, "எந்த வயலில் இன்றைக்குக் கூட வேலை நடக்கிறது, சொல்" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? தண்ணீர் கூட வந்தால் கூட வேலை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வாய்க்கால் சீமெந்து போட்டது, இன்னொன்று சேறு நிரம்பிப் புல் முளைத்துக் கிடக்கிறது. இரண்டு வயலிலும் ஒரே வேலை நடந்தாலும் வடிகாலில் ஒரே தண்ணீர் வராது. அப்போது உங்களுக்குத் தெரிந்த வழி என்ன? ஒருவரும் தண்ணீர் கேட்காத நாளில் துருசை ஒரே அளவுக்குத் திறந்துவிட்டு, எந்த வாய்க்கால் எவ்வளவு கொண்டுவருகிறது என்று முதலில் பார்த்து வைப்பது. மூளையில் வாய்க்கால் என்பது இரத்தக் குழாய், நான் உங்களை மூச்சை நிறுத்தச் சொன்னது அந்தத் துருசைத் திறக்கிற வேலைதான்.

என் சித்தப்பாவின் கதையைச் சொல்கிறேன், அவர் கோபிக்க மாட்டார். பரிசோதனைக்காக அவரையும் என்னையும் ஒரே மெஷினில் படுக்கவைத்து, விரலைத் தட்டச் சொல்லி எடுத்தோம். இந்த மாதிரி வேலையில் சமிக்ஞை கூடுவதே நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்றுதான். சித்தப்பாவுக்கு எனக்கு வந்ததில் பாதிதான் வந்தது. அவருக்கு 68 வயது, பத்து வருடமாகப் பிரஷர், அதற்கு முன் நல்லாகச் சிகரெட் பிடித்தவர். படத்தை மட்டும் பார்க்கிறவன் "வயது போனால் மூளை வேலை குறைகிறது" என்று எழுதிவிட்டுப் போவான், நானும் முந்தி அப்படி எழுதியிருக்கிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு இரண்டு பேரும் மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டோம். அவருக்கு அதிலும் கிட்டத்தட்ட பாதிதான் ஏறியது. விரல் தட்டியபோது வந்ததை மூச்சு நிறுத்தியபோது வந்ததால் வகுத்தால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றோம். முழுக்க ஒன்றாகவில்லை, ஆனால் அந்தப் பாதி என்ற வித்தியாசம் போய்விட்டது, அது பெரும்பாலும் வாய்க்காலின் வித்தியாசம்.

இதில் கள்ளமும் நடக்கும். 15 செக்கன் என்று சொன்னால் பத்தாவது செக்கனில் களவாக மூச்சு எடுப்பவர்கள் உண்டு (சித்தப்பா உட்பட). அப்போது வகுக்கிற எண்ணே பிழைத்துவிடும். அதனால் மூக்கில் மெல்லிய குழாய் வைத்து, வெளியே வருகிற மூச்சில் காபனீரொட்சைட்டு உண்மையிலேயே எவ்வளவு ஏறியது என்று அளப்பார்கள். முகமூடி போட்டு 5 வீதம் காபனீரொட்சைட்டு கலந்த காற்றைக் கொடுப்பது இன்னும் சுத்தமான வழி. 1998இல் டேவிஸும் கூட்டாளிகளும் அதைக்கொண்டே ஒட்சிசன் செலவு வரைக்கும் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த முகமூடியோடு மெஷினுக்குள் படுத்திருப்பது எல்லாருக்கும் ஒத்துவராது, மூச்சுமுட்டுகிற மாதிரி இருக்கும், சிலர் அவசரத்துக்குக் கூப்பிடக் கையில் தருகிற பந்தை அமத்தி வெளியே வந்துவிடுவார்கள். மூச்சை நிறுத்தவே முடியாதவர்களுக்கு, சும்மா படுத்திருக்கும்போது மூச்சு தானாக ஏறி இறங்குவதைக்கொண்டே நாளங்களின் தன்மையை மட்டுக்கட்டப் பார்க்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

நாளம் மட்டுமா? தேத்தண்ணி. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் மூளையின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். காலையில் இரண்டு கோப்பை குடித்தவரையும் குடிக்காதவரையும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது தேயிலையைத்தான். அப்புறம் இரத்தத்தில் செங்குழியங்களின் அளவு. பெண்களுக்குப் பொதுவாக அது ஆண்களைவிடக் குறைவு, இரத்தச்சோகை இருந்தால் இன்னும் குறைவு, அதனாலேயே சமிக்ஞையும் சிறுக்கலாம். ஆண் மூளை அப்படி, பெண் மூளை இப்படி என்று வண்ணப் படத்தோடு செய்தி வந்தால் எனக்கு முதலில் வருகிற கேள்வி, இவர்கள் இரத்தத்தைச் சோதித்தார்களா என்பதுதான்.

ஒன்றை மட்டும் மாறி விளங்கிக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியில் தலையிடிக்கும் பக்கவாதத்துக்கும் எழுதிக்கொடுக்கிற வழமையான எம்.ஆர்.ஐ. வேறு, அதற்கு இந்த மூச்சுக் கணக்கு ஒன்றும் தேவையில்லை, டாக்டரிடம் போய் ஏன் மூச்சை நிறுத்தச் சொல்லவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள். ஆனால் படிக்கிற பிள்ளைகள் யாராவது ஆராய்ச்சிக்கென்று உங்களை அந்த மெஷினுக்குள் படுக்கச் சொன்னால், என்ன மாத்திரை போடுகிறீர்கள், கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு, சிகரெட் உண்டா என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மூச்சை நிறுத்தச் சொன்னால் களவு செய்யாமல் நிறுத்துங்கள்.