ஊசி போட்ட தேதி என்ன? வீட்டு நாய்க்கு உரிமம் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(காட்சி: சேலம், அஸ்தம்பட்டி. விடியற்காலைத் தெரு. பாதி திறந்த வாசற்கதவு, படியில் பால் கேன்.)

சென்ற மார்கழியில் ஒரு விடியற்காலை. பால் ஊற்ற வந்த தம்பியின் கெண்டைக்காலில் எங்கள் வீட்டு நாய் பல் பதித்துவிட்டது. கதவைத் தாழிடாமல் விட்டது எங்கள் தவறு. அவரைக் குழாயடிக்கு அழைத்துப்போய், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவினோம். கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்.

"அக்கா, நாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா?"

"போட்டிருக்கிறோம் தம்பி."

"எப்போது?"

எனக்குத் தேதி தெரியவில்லை. அலமாரியைக் கவிழ்த்துத் தேடியும் தடுப்பூசி அட்டை கிடைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் அவருக்கு அன்றே முதல் ஊசி போட்டார்கள். "நாயை அவிழ்த்துவிடாமல் 10 நாள் கவனியுங்கள்" என்று எங்களிடம் சொன்னார் மருத்துவர். அந்த 10 நாளும் தம்பியின் அம்மா காலையில் எங்கள் வாசலுக்கு வந்தார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாய் சோறு தின்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். அந்த முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. இந்த வீடியோவை அவருக்காகத்தான் செய்கிறேன்.

(காட்சி: கட்டியிருக்கும் நாய். சுவரில் தினசரி நாட்காட்டி. தாள்கள் ஒவ்வொன்றாகக் கிழிகின்றன.)

ஏன் 10 நாள்? ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியாக ஏறி மூளைக்குப் போகும். அங்கிருந்து எச்சிலுக்கு இறங்கிய பிறகுதான் அந்த நாயின் கடி நோயைப் பரப்பும். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் அதிக நாள் தாங்காது. சில நாட்களில் நோய் முற்றி இறந்துவிடும். கடித்த நாய் 10 நாள் கழித்தும் நன்றாகத் தின்று, வாலாட்டிக்கொண்டு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று அறியலாம். மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவெடுக்க இந்தக் கணக்கு உதவும். இதை நம்பி முதல் ஊசியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில், வெறிநாய்க்கடிக்கு ஊசி போடும் பாஸ்டர் நிலையம் திறந்தது. 1907-இல் குன்னூரில் ஒன்று வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பக்கத்து ஊர்களில் வெறிநாயிடம் கடிபட்டவருக்கு ஊசி வேண்டுமென்றால் நாட்டின் மறுகோடிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று அந்த ஊசி நம் ஊர் அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. அப்படியிருக்க, கடித்தது யார் வீட்டு நாய், அதற்கு எப்போது ஊசி போட்டார்கள் என்று தெரியாமல் ஒரு குடும்பம் தூக்கமிழப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

(காட்சி: ஒரு மேசை. தடுப்பூசி அட்டை, நாயின் புகைப்படம், ஆதார் அட்டை.)

உரிமம் இங்கேதான் வருகிறது. இந்த நாய் இன்னார் வீட்டு நாய், இன்ன தேதியில் ரேபிஸ் ஊசி போட்டது என்று உள்ளாட்சியின் பதிவேட்டில் ஏறுவதுதான் உரிமம். சேலம் மாநகராட்சிக்குச் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள் உண்டு. உங்கள் வார்டு எந்த மண்டலமோ அந்த அலுவலகத்தில் கேளுங்கள். படிவமும் கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் 2025-இல் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. அதே ஆண்டு அங்கே நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயமானது, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

ஆனால் முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை. ஊசிச் சான்று இல்லாமல் உரிமம் கேட்பதில் பயன் இல்லை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அட்டையில் தேதியும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடப்பதுண்டு. முதல் நாள், 1885-இல் லூயி பாஸ்டரின் ரேபிஸ் ஊசி ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்ட நாள். இரண்டாவது, பாஸ்டர் மறைந்த நாள்.

மைக்ரோசிப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அதைப் போட்டால் நாய் எங்கே போகிறது என்று தொலைபேசியில் பார்க்கலாம் என்கிறார்கள். முடியாது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பில் மின்கலம் கிடையாது. 15 இலக்க எண் மட்டும் இருக்கும். தோள்களுக்கு நடுவில் தோலுக்கடியில் செலுத்துவார்கள். சிப்பைப் படிக்கும் கருவியை அருகில் காட்டினால் எண் தெரியும். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே உங்கள் முகவரி இல்லையென்றால் அது வெறும் எண்தான்.

இன்னொன்று. "லாப்ரடாருக்கும் பொமரேனியனுக்கும்தானே உரிமம், நம்முடையது நாட்டு நாய்" என்று சொல்பவர்களைத் தெருவுக்கு ஒருவர் பார்க்கலாம். எங்கள் வீட்டு நாயும் தெருவில் எடுத்த குட்டிதான். சோறு போட்டுக் கட்டி வளர்க்கும் நாய் எந்த ரகமானாலும் அதன் பொறுப்பு உங்களுடையது. கவனக்குறைவால் நாய் பிறருக்கு ஆபத்தாகிவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பிரிவும் ரகம் பார்க்காது.

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. காபித் தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு நாய்.)

அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மாநகராட்சி எல்லை இல்லை. மேலே இருப்பவை ஊராட்சிகள். உரிமம் பற்றி அங்கே ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். தோட்டத்துக் காவல் நாய்களுக்கும் ஊசி அவசியம், அதைத் தவறவிடாதீர்கள். மே மாதக் கோடை விழாவின் நாய்கள் கண்காட்சியை ரசிக்கும் நாம், தோட்டத்து நாயையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். கீழிருந்து நாயோடு மலையேறுபவர்கள் கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். வழியில் குரங்கைக் கண்டு காரிலிருந்து குதித்தோடும் நாயை யாராவது பிடித்தால், அவர் முதலில் பார்ப்பது பட்டையைத்தான்.

உரிமம் வாங்கிய பிறகு வீடு மாறினாலோ, நாயை வேறொருவருக்குக் கொடுத்தாலோ, நாய் இறந்துவிட்டாலோ அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது தடுப்பூசி அட்டையின் நகல் வாசற்கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. அடுத்த ஊசி தை மாதம். தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.