வீட்டுப் பக்கத்திலேயே வசந்தத்தைப் படமெடுப்பது எப்படி?

[காட்சி: பூத்து நிற்கும் ஒரு செடி. கேமரா மெதுவாக ஒரே ஒரு பூவை நெருங்குகிறது.]

வணக்கம். வசந்தம் வந்தாலே கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு, மலை என்று எங்காவது கிளம்பத் தோன்றும். கிளம்பும் முன் ஒரு வேலை செய்து பாருங்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் பூத்திருக்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்துச் செடி, மாடித் தொட்டி, சாலையோரத்தில் தானாக முளைத்த களை, எதுவானாலும் சரி. இந்த வசந்தம் முழுக்க அதுதான் உங்கள் ஸ்டூடியோ.

காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வகைப் பூவுக்கும் தேன் சுரக்கும் நேரம் வேறு. தேனீக்கள் அந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்துவிடும். சில நாள் கவனித்தால் உங்களுக்கும் அது பிடிபட்டுவிடும். எந்த மொட்டு நாளைக்கு விரியும், காலை வெயில் முதலில் எந்தக் கிளையில் விழும், பின்னால் இருக்கும் சுவர் எப்போது நிழலுக்குள் போகும் என்பதெல்லாம் ஒரு நாள் வந்து போகிறவருக்குத் தெரியாது. நல்ல படத்துக்கு விலை உயர்ந்த லென்ஸைவிட இந்தத் தகவல்தான் அதிகம் உதவும் என்பது என் கட்சி.

[காட்சி: இலை மேல் இறக்கையை விரித்திருக்கும் வண்ணத்துப்பூச்சி. பக்கவாட்டில் இளவெயில்.]

எப்போது போவது? வெயில் ஏறுவதற்கு முன். வண்ணத்துப்பூச்சி நம்மைப் போல உடம்பை ஒரே சூட்டில் வைத்துக்கொள்ள முடியாத உயிர். பெரும்பாலான வகைகளில் பறக்கும் தசை சுமார் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் ஒழுங்காகப் பறக்க முடியும். அதுவரை இறக்கையை விரித்து வெயில் காயும். சில வகைகள் மூடிய இறக்கையை வெயில் பக்கம் காட்டியபடி சாய்ந்து உட்காரும். பூச்சிப் படத்துக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது. மெதுவாக, தாழ்வாகப் போங்கள். அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். முழங்கால் அழுக்காகும், பரவாயில்லை.

சரி, கிட்டே போய்விட்டோம். பலருக்கும் படம் சொதப்புவது இங்கேதான். நெருங்க நெருங்க, தெளிவாகத் தெரியும் ஆழம் மெலிந்துகொண்டே வரும். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவில், பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் (படம் பதியும் தகடு) விழும்படி நெருங்கி எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண், எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால், தெளிவாகக் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். தேனீயின் கண் பளிச்சென்று இருக்கும், பின்காலில் ஒட்டியிருக்கும் மகரந்த உருண்டை மங்கிவிடும். எஃப் 16 வைத்தால் 2 மில்லிமீட்டர் வரை கிடைக்கும். அதற்கும் மேலே போனால் துளை மிகச் சிறிதாகி, ஒளி வளைந்து பரவி, மொத்தப் படமும் மழுங்க ஆரம்பிக்கும்.

எனவே எஃப் எண்ணை மாற்றுவதைவிட நிற்கிற கோணத்தை மாற்றுவது பலன் தரும். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடியிருக்கிறதா? அந்த இறக்கைக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடியுங்கள். கிடைக்கிற 1 மில்லிமீட்டருக்குள் முழு இறக்கையும் அடங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு ஓரம் போய்விடும். ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலைந்தால் அதை அணைத்துவிட்டு, லென்ஸைத் தொடாமல் உடம்பை மட்டும் நூலளவு முன்னே பின்னே அசையுங்கள். கண் தெளியும் நொடியில் வரிசையாக நாலைந்து படம் தட்டுங்கள்.

[காட்சி: நீளமான பூங்கதிர். வண்டு போல உருண்டையான ஒரு தேனீ கீழ்ப் பூவில் வந்து இறங்குகிறது.]

இப்போது தேனீ. அதைத் துரத்திக்கொண்டு ஓடினால் கிடைப்பதெல்லாம் அதன் முதுகுதான். கதிராக நீண்டு பூக்கும் செடி இருந்தால் கவனியுங்கள். ரோமம் அடர்ந்த பெரிய தேனீக்கள் பெரும்பாலும் கீழ்ப் பூவில் தொடங்கி மேலே ஏறும். அது கீழே இருக்கும்போதே, நாலு பூ தள்ளி மேலே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அதுவாகவே வந்து படச் சட்டத்துக்குள் நுழையும். தட்டான் இன்னும் சுலபம். பறந்து போனாலும் பல வகைகள் அதே குச்சி நுனிக்குத் திரும்பி வந்து உட்காரும். குச்சியைப் பார்த்துக் கேமராவை வைத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள்.

சாதாரணத் தேனீ நொடிக்குச் சுமார் 230 முறை இறக்கை அடிக்கிறது. 1/1000 ஷட்டர் வேகத்தில்கூட ஒரு முழு அடிப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு நடந்து முடிந்திருக்கும். அதனால் இறக்கை கலங்கித்தான் வரும், எனக்கு அதுவே பிடிக்கும். உறையவைத்தே ஆகவேண்டும் என்றால் ஃபிளாஷ் வேண்டும். குறைந்த சக்தியில் வைத்தால் அதன் மின்னல் 1/10,000 நொடி அளவுக்குச் சுருங்கும். ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைத் துணியோ தாளோ பிடித்து வெளிச்சத்தை மென்மையாக்குங்கள்.

மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இல்லையா? 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் நீட்டிப்புக் குழாய் மாட்டினாலே, பொருள் நிஜ அளவில் பாதியாகச் சென்சாரில் விழும் வரை நெருங்கலாம். உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் குழாய்தான் அது. போனில் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: பல போன்களில் மேக்ரோ என்று வருவது அகலக் கோண லென்ஸ். பூவிலிருந்து 2, 3 சென்டிமீட்டரில் போனைக் கொண்டுபோய் நிறுத்தினால் போனின் நிழலே பூ மேல் விழுந்துவிடும். 2 மடங்கு, 3 மடங்கு ஜூம் வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். பின்னணியும் அமைதியாகும்.

பூ மட்டும் எடுக்கும்போது மேகமூட்டமான நாள்தான் வசதி. வெள்ளைப் பூவைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் கேமராவின் எக்ஸ்போஷர் அமைப்பில் வெளிச்சத்தை ஒரு படி (+1) கூட்டுங்கள். சிவப்புப் பூவில் நேர்மாறு. சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி, இதழின் மடிப்பு, நரம்பு எல்லாம் ஒரே பூச்சாகிவிடும். அங்கே அரைப் படி குறையுங்கள்.

[காட்சி: ஜன்னல் வழியாக, தண்ணீர்த் தட்டில் குளிக்கும் ஒரு சிறு பறவை.]

பறவைகளுக்கு ஜன்னலே நல்ல மறைவிடம். வெளியே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்கள். அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு வராது.

கூட்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள். இதில் நான் கறார். மறைக்கிற இலையை விலக்கினால் குஞ்சுகள் மேல் வெயில் அடிக்கும், இரை தேடும் பிராணிகளுக்கும் கூடு கண்ணில் படும். நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்களா என்பதைப் பறவையே சொல்லிவிடும். அலகில் புழுவைக் கவ்விக்கொண்டு, கூட்டுக்குள் போகாமல் கிளைக்குக் கிளை தாவிக் கத்திக்கொண்டிருந்தால், உள்ளே குஞ்சுகள் பசியோடு இருக்கின்றன, அதைத் தடுப்பது நீங்கள் என்று அர்த்தம். படம் போனால் போகட்டும், உடனே பின்வாங்குங்கள்.

தற்செயலாகத் தூரத்திலிருந்து கூடு படத்தில் விழுந்துவிட்டால், எங்கும் பகிரும் முன் அந்தப் படத்தில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். போன் கேமராவின் அமைப்புகளில் இருப்பிடம் என்று இருக்கும், இந்தப் பருவம் முடியும்வரை அதை அணைத்தே வைத்தாலும் நல்லது.