நோய்க்கு அபராதமா?

(வேலூர்க் கல்லூரி ஒன்றின் மாணவர் பேரவைத் தொடக்க விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்தி, வேலூர் வெயிலை எண்ணி உடனே கழற்றவும் அனுமதித்த செயலர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, அலுவலக நண்பர்களே, இத்தனை பேரையும் விளித்து முடிக்கும்வரை பொறுத்திருந்த மாணவச் செல்வங்களே, வணக்கம்.

செயலர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. நான் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்திலேயே பழக்கம். உட்காருங்கள் என்றால், "உங்கள் ஃபேன் ஓடவில்லையே" என்பார். அடுத்த வாரம் ஃபேன் ஓடும். நிற்க.

உடம்பு சரியில்லாமலோ, வீட்டுச் சூழ்நிலையாலோ படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கல்லூரி என்ன செய்ய வேண்டும்? சட்டம், வருகைப்பதிவு, மனநலம் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். மூன்றுக்கும் பொதுவாக எங்கள் பாட்டி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் தரச் சொல்கிறது. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் தேர்வு எழுத உதவியாளர் தருவோம் என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்க மறுத்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

வேலூருக்கு இதெல்லாம் புதிதா என்ன? நம் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று படித்துத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை இங்கே வளர்த்தார். அவருக்கு இடம் கொடுத்த ஊர் இது.

ஆனால் ஆறு மாதத்தில் குணமாகிவிடும் நோய்க்கு என்ன வழி? காசநோய் அந்த 21இல் இல்லை. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா படுத்துவிட்டால் அடுப்பையும் தம்பியையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவன். இந்தக் கல்லூரி இல்லை, முதல்வர் அம்மையார் பதற வேண்டாம். அவனுக்குக் காசநோய். ஒரு மாதத்துக்கு மேல் வகுப்புக்கு வரவில்லை. வருகை குறைந்தால் கட்டணம் கட்ட வேண்டும். அதிலிருந்து விலக்குக் கேட்டு மருத்துவச் சான்றிதழோடு கவுன்டருக்கு வந்தான். "வட்ட முத்திரை இல்லையே" என்றார் எழுத்தர். பையன் பஸ் ஏறி ஊருக்குப் போனான். டாக்டர் லீவு. மறுவாரம் வட்ட முத்திரையோடு வந்தான். "தேதி நோய்க்கு அப்புறம் இருக்கே, நோயிலேயே வாங்கியிருக்க வேண்டாமா?" மறுபடியும் பஸ். மூன்றாம் முறை எல்லாம் சரி. அப்போதுதான் பழைய விடுப்புக் கடிதத்தைப் புரட்டுகிறார். அதில் பையன் கூச்சப்பட்டுக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறான். "ஏம்பா, இதுல காய்ச்சல், அதுல டி.பி. எதுப்பா உன் நோய்?" வராந்தா முழுக்கக் கேட்கிற குரல். வரிசையில் நின்ற பிள்ளைகள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். பையன் மெல்லச் சொன்னான்: "சார், காய்ச்சல்னே போட்டுக்கோங்க சார்." எழுத்தர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "எந்த நோயா இருந்தா என்ன, கட்டணம் ஒண்ணுதான்."

கைதட்டாதீர்கள். அந்தக் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்!

இனி வருகைப்பதிவு. பருவத்துக்கு 90 வேலைநாள், 75 சதவீத வருகை வேண்டும் என்றால், தவறவிடக்கூடியது 22 நாள்தான். வருகை 75க்குக் கீழே போனால், 65 சதவீதம் வரை குறைவுக் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம் என்பதே பல பல்கலைக்கழகங்களின் விதி. சினிமாவுக்குப் போனவனும் மாத்திரை விழுங்கியவனும் ஒரே கவுன்டரில் ஒரே தொகை! கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அந்தப் பணம் வராததால் எந்தக் கல்லூரியும் மூடியதில்லை. நோயாளி மாணவருக்கு அந்தக் கட்டணம் கூடாது. சான்றிதழைத் தனி அறையில் ஒரே ஓர் ஆசிரியர் பார்த்தால் போதும். இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லி வருகிறேன். ராணிப்பேட்டையிலும் சொன்னேன், திருப்பத்தூரிலும் சொல்வேன்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். அப்படியானால் மனநலம் அடுத்த விழாவுக்கு. அதுவரை 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நோயாளி மாணவருக்குக் குறைவுக் கட்டணம் கூடாது என்று துணைவேந்தருக்கு அனுப்பும் மனு பின்வரிசை மேசையில் இருக்கிறது. பெயர், வகுப்பு, கையெழுத்து, அவ்வளவுதான். முதல் கையெழுத்து முதல்வர் அம்மையாருடையது என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். சிரிக்கிறார், சம்மதம் என்றே எடுத்துக்கொள்வோம். மேசையில் ஒரு பேனாதான் இருக்கிறது. எழுதிவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.